பந்தலூர் பக்கம் மூட்டு வீக்கத்தோட காய்ச்சல்: இந்தக் குளிர்ல ஏது கொசு?

#1 லயத்துப்பையன் | ஞாயிறு இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். நீலகிரில பந்தலூர் பக்கம் ஒரு டீ எஸ்டேட், பேர் வேண்டாம். எங்க லயத்துல (தொழிலாளர் லைன் வீடுங்க) 12 வீடு. அதுல அஞ்சு வீட்ல காய்ச்சல்.

முதல்ல பக்கத்து வீட்டு அண்ணனுக்கு வந்துச்சு. திருப்பூர்ல பனியன் கம்பெனில வேலை. மூணு வாரத்துக்கு முன்ன லீவுக்கு வந்தவரு, வந்த மறுநாளே படுத்துட்டாரு. பன்னெண்டு நாள் கழிச்சு அவங்க அம்மாவுக்கு, அடுத்து எதிர் வீடு ரெண்டுலயும் பிள்ளைங்களுக்கு, கடைசி வீட்டுத் தாத்தாவுக்கு, இப்ப எங்க அம்மாவுக்கு.

அம்மாவுக்கு மூணே நாள்ல காய்ச்சல் விட்டுடுச்சு. ஆனா மணிக்கட்டு, விரல், கணுக்கால் எல்லாம் வீங்கி, கதவுத் தாழ்ப்பாள்கூடப் போட முடியல. எட்டாம் நாளு நேத்து. பிடிவாதமா மலைக்கு, கொழுந்து பறிக்கப் போச்சு. பத்து மணிக்கே உட்கார்ந்துருச்சு. அரைப் பேருதான், அதாவது அரை நாள் கூலிதான் விழுந்துச்சு.

காட்டின இடத்துல "வைரல் பீவர்"னு ஒரு ஊசி போட்டு அனுப்பிட்டாங்க. கொசுவா இருக்குமோன்னு கேட்டேன். "இந்தக் குளிர்ல ஏது கொசு"ன்னு சிரிச்சாங்க. யாராவது தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 ஊட்டி_டாக்ஸி | ஞாயிறு இரவு 9.42

தம்பி, அம்மா சீக்கிரம் குணமாகட்டும். ஆனா தலைப்புல இப்படிப் போட்டு பீதி கிளப்பாதீங்க. நான் 25 வருஷமா ஊட்டில வண்டி ஓட்டுறேன், எங்க வீட்ல கொசுவலையே கிடையாது. டெங்கு, சிக்குன்குனியா எல்லாம் கீழ மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர் சமாச்சாரம். இதை ஒருத்தர் வாட்ஸப்ல போட்டா அடுத்த வார புக்கிங் மொத்தமும் போயிரும்.

#3 பழைய_ஹெச்ஐ | ஞாயிறு இரவு 10.30

ஓய்வு பெற்ற சுகாதார ஆய்வாளர் நான். 31 வருடத்தில் பெரும்பகுதி இந்த மலையில்தான் கழிந்தது.

டாக்ஸி தம்பி சொல்வது ஊட்டிக்குப் பொருந்தும். 2,240 மீட்டர் உயரக் குளிரில் கொசு வளர்வதே மெதுவாகத்தான். அதன் உடம்புக்குள் வைரஸ் பெருகுவது அதைவிட மெதுவு. பெருகி முடிவதற்குள் கொசு செத்துவிடும். ஆனால் கூடலூர், பந்தலூர் எல்லாம் ஆயிரம் மீட்டரை ஒட்டிய ஊர்கள். காத்மாண்டு 1,400 மீட்டர், அதாவது கூடலூரைவிட மேலே. நேபாளத்தில் 2004க்கு முன் டெங்கு பதிவானதே இல்லை. 2022ல் 54,000 பேருக்கு மேல் வந்து 88 பேர் இறந்தார்கள். மிக அதிகமாகப் பாதிக்கப்பட்ட இடங்களில் காத்மாண்டுப் பள்ளத்தாக்கும் ஒன்று. மலை என்ற ஒரே காரணத்துக்காக வைரஸ் திரும்பிப் போகாது.

லயத்துத் தம்பி ஒரு விவரம் தந்திருக்கிறார், பன்னிரண்டு நாள் என்று. கவனித்தீர்களா? முதல் ஆளுக்குக் காய்ச்சல் வந்த அன்றே எல்லாரும் படுத்திருந்தால் தண்ணீரையோ சாப்பாட்டையோ சந்தேகப்படுவேன். இங்கே நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. திருப்பூர் அண்ணனைக் கடித்த கொசுவுக்குள் வைரஸ் பெருகச் சில நாள், அது அடுத்தவரைக் கடித்த பின் காய்ச்சல் வர 3 முதல் 7 நாள். கணக்கு ஒத்துப்போகிறது. காய்ச்சல் சீக்கிரம் விட்டு மூட்டு மட்டும் பிடித்துக்கொண்டதைப் பார்த்தால் டெங்குவைவிட சிக்குன்குனியாதான் என் முதல் சந்தேகம். 1952ல் தங்கனீக்காவில் (இன்றைய டான்சானியா) பரவியபோது மக்கொண்டே மக்கள் வைத்த பெயர் அது. வலியில் உடம்பு வளைந்து போவதைச் சொல்கிற சொல். உங்கள் அம்மா நடப்பதைப் பார்த்தால் அந்தப் பெயர் சரி என்று தோன்றும். ஆனால் இதெல்லாம் என் ஊகம். ரத்தப் பரிசோதனைதான் முடிவு சொல்லும். நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய், "ஒரே லயத்தில் அஞ்சு வீடு" என்ற வார்த்தையைத் தவறாமல் சொல்லுங்கள். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரை தருவார்கள், அஞ்சு வீடு என்றால் ஆட்கள் வருவார்கள்.

கொசு மேட்டுப்பாளையத்திலிருந்து பறந்து வரவில்லை. பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டர்தான் அதன் உலகம். பஸ் ஏறி வந்தது வைரஸ். கொசு ஏற்கெனவே உங்கள் லயத்தில் குடியிருக்கிறது.

தூக்கம் வராததால் ஒரு கதை. மலேரியாவைக் கொசுதான் பரப்புகிறது என்று நிறுவிய ரொனால்ட் ராஸ் 1897ல் ஊட்டிக்கு விடுமுறையில் வந்தார். சும்மா இருக்காமல் சீகூர் மலைச்சரிவில் காய்ச்சலை ஆராயப் போய், தானே மலேரியா வாங்கிக்கொண்டு திரும்பினார். அதே வருடம் ஆகஸ்ட் 20ல்தான் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றுக்குள் அந்தக் கிருமியைக் கண்டார். அது வேறு கொசு, இரவில் கடிப்பது, கிருமியும் வைரஸ் இல்லை. இருந்தாலும் "நீலகிரியில் ஏது கொசு" என்று யாராவது சிரித்தால் எனக்கு ராஸ் ஞாபகம்தான் வருகிறது.

#4 ஊட்டி_டாக்ஸி | ஞாயிறு இரவு 10.51

சரிங்க சார், ஒத்துக்கிறேன். கூடலூர் வேற, ஊட்டி வேற. ஆனா கூகுள்ல "நீலகிரி"ன்னு ஒரே பேர்தானே வருது, அதுதான் என் கவலை.

#5 வார்டு_அக்கா | திங்கள் காலை 6.15

நைட் டூட்டி முடிஞ்சு பஸ்ல உட்கார்ந்து எழுதுறேன். தப்பிருந்தா மன்னிச்சுக்கோங்க.

தம்பி, அம்மாவுக்கு பத்தாவது நாள். இப்ப என்எஸ்1 ரத்த டெஸ்ட் எடுத்துப் பிரயோஜனமில்ல. அது டெங்குவுக்கானது, அதுவும் முதல் அஞ்சு நாளைக்குள்ள எடுத்தாத்தான். இப்ப ஐஜிஎம் எலைசாங்கிற ரத்த டெஸ்ட் எடுக்கணும், டெங்கு, சிக்குன்குனியா ரெண்டுக்கும். புதுசா யாராவது படுத்தா அவங்களுக்கு என்எஸ்1 கேளுங்க.

ரிசல்ட் வர்ற வரைக்கும் டெங்குன்னே நினைச்சுக்கோங்க. பாராசிட்டமால் மட்டும் போதும். மூட்டு வலிக்குன்னு மெடிக்கல்ல கலர் கலரா மாத்திரை தருவாங்க, புரூபன், டைக்ளோபினாக், ஆஸ்பிரின் எதுவும் வேண்டாம். டெங்குவா இருந்துட்டா ரத்தக்கசிவு ஆபத்து கூடும். வலி தாங்காம ரெண்டு வேளை டைக்ளோ ஊசி போட்டுட்டு வர்றவங்களை வாரத்துக்கு ஒருத்தராவது பார்க்கிறேன்.

ஒண்ணு மட்டும் எல்லாரும் மனசுல வைங்க. டெங்குல காய்ச்சல் விட்டதும் "அப்பாடா"ன்னு வேலைக்குக் கிளம்புறாங்க. ஆபத்தே அப்பதான். காய்ச்சல் இறங்கின முதல் ஒண்ணு ரெண்டு நாள்ல ரத்தக்குழாய்ல இருந்து நீர் கசியும். கடுமையான வயித்து வலி, நிக்காத வாந்தி, ஈறுல ரத்தம், கை கால் சில்லுன்னு ஆகுறது, குழந்தை சோர்ந்து பேசாமப் படுத்துக்கிறது, இதுல எது வந்தாலும் ஜீப் பிடிச்சு வந்துருங்க. ராத்திரி யானை நிக்குதுன்னு விடியட்டும்னு இருந்துடாதீங்க. 108க்குப் போன் போட்டு யானை விஷயத்தையும் சேர்த்தே சொல்லுங்க.

எல்லாரும் பிளேட்லெட் பிளேட்லெட்னு அந்த நம்பரையே கேட்கிறாங்க. நாங்க அதுக்கு மேல பார்க்கிறது பிசிவி, ரத்தத்துல சிவப்பணு எத்தனை சதவீதம்ங்கிற கணக்கு. அது ஏறினா ரத்தம் கெட்டியாகுது, நீர் வெளிய போகுதுன்னு அர்த்தம். ரத்தக்கசிவு இல்லாதவங்களுக்கு 10,000க்குக் கீழ போனாத்தான் பிளேட்லெட் ஏத்துற பேச்சே.

பணியர், குறும்பர், இருளர் வீடுகள்ல சிக்கிள் செல் (பரம்பரையா வர்ற ரத்த நோய்) இருக்கிறவங்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. அவங்களுக்கு மூட்டு வலி எப்பவும் வர்றதுதான்னு விட்டுடுவாங்க. காய்ச்சலோட வலி வந்தா அன்னிக்கே வந்துரணும். சிக்கிள் செல் அட்டை இருந்தா எடுத்துட்டு வாங்க.

#6 கசாயம் | திங்கள் காலை 8.05

2012ல் தமிழ்நாட்டில் 66 பேர் டெங்குவில் இறந்த பிறகு அரசே வீதி வீதியாக நிலவேம்புக் குடிநீர் கொடுத்தது. ஒன்பது சரக்கு சேர்ந்தது அது. பப்பாளி இலைச் சாறும் உண்டு. யாரும் இதைப் பேசாமல் ஊசி மருந்தையே பேசுகிறீர்களே?

#7 வார்டு_அக்கா | திங்கள் மதியம் 1.20

அண்ணா, நிலவேம்பு குடிக்க வேண்டாம்னு நான் சொல்லல. எங்க வீட்லயும் காய்ச்சுவோம். குடிச்சிட்டோம், இனி ஆஸ்பத்திரி வேண்டாம்னு இருக்கிறதுதான் பிரச்சினை. பப்பாளி இலைல பிளேட்லெட் கொஞ்சம் ஏறுறதா சின்னச் சின்ன ஆய்வுகள் இருக்கு, ஆனா உயிரைக் காப்பாத்துதுன்னு யாரும் காட்டல. வாந்தி எடுக்கிற குழந்தைக்கு அந்தக் கசப்பை ஊத்தி இன்னும் வாந்தி எடுக்க வைக்காதீங்க. கஞ்சி, இளநீர், உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுங்க.

#8 பழைய_ஹெச்ஐ | திங்கள் மாலை 4.00

இப்போது கொசு. இரண்டு வகை. ஒன்று வீட்டுக்காரி, ஏடிஸ் எஜிப்டி. சிமெண்ட் தொட்டி, டிரம், பிரிட்ஜுக்குப் பின்னாலிருக்கும் தட்டு என்று வீட்டைச் சுற்றியே இருப்பாள். இன்னொன்று தோட்டக்காரி, ஏடிஸ் அல்போபிக்டஸ். முதுகில் சுண்ணாம்பால் இழுத்தது போல ஒற்றை வெள்ளைக் கோடு. மரப்பொந்து, மூங்கில் குத்து, அன்னாசி இலை இடுக்கு என்று எங்கே கையளவு தண்ணீர் நின்றாலும் முட்டையிடுவாள். குளிரையும் கொஞ்சம் தாங்குவாள். கூடலூர், பந்தலூரில் நான் அதிகம் பிடித்தது இவளைத்தான். இருவருமே பகலில் கடிப்பவர்கள், காலையிலும் மாலைக்கு முன்னும் அதிகம். கொழுந்து பறிக்கும் நேரமும் அதுதான்.

2005–06ல் ரீயூனியன் தீவில் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கு பேருக்கு சிக்குன்குனியா வந்தது. அங்கே பரப்பியவள் தோட்டக்காரிதான். வைரஸில் நேர்ந்த ஒரு சிறு மாற்றம் அவள் உடம்பில் அது சுலபமாகப் பெருக வழி செய்துவிட்டது. அந்த மாற்றம் 2007ல் கேரளத்திலும் காணப்பட்டது. அங்கே ரப்பர் தோட்டம், பால் பிடிக்கும் சிரட்டை. நம் பக்கம் அந்தச் சிரட்டையின் வேலையைச் செய்வது கமுகுப் பாளை, அதாவது உதிர்கிற பாக்குமட்டை. விழுந்த பாளை படகு மாதிரி கிடக்கும், ஒரு மழைக்கு நிரம்பிவிடும். ஒரு பாளையை நான் வெள்ளைத் தட்டில் கவிழ்த்தபோது புழுவை எண்ண முடியாமல் விட்டுவிட்டேன்.

#9 கமுகுக்காரன் | திங்கள் மாலை 5.12

வந்துட்டீங்களா, கடைசியில விவசாயி தலையிலயா? எனக்கு ரெண்டு ஏக்கர் கமுகு. ஒரு மரத்துக்கு வருஷத்துல ஆறேழு பாளை விழும். ஆயிரத்துச் சொச்சம் மரம். மழையில அட்டைக் கடிக்குள்ள இறங்கி ஒவ்வொண்ணா கவிழ்த்துப் போடச் சொல்றீங்களா? கூலி யாரு குடுப்பா? அந்த எஸ்டேட் லயத்துல பைப்புல ரெண்டு நாளைக்கு ஒருக்கா தண்ணி விடுறானே, அவனை முதல்ல கேளுங்க. தண்ணி ஒழுங்கா வந்தா எந்தப் பொம்பளை டிரம்முல பிடிச்சு வைக்கப் போறா?

#10 மட்டுறுத்துநர் | திங்கள் மாலை 6.30

வடக்கிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்கள்தான் நோயைக் கொண்டுவந்தார்கள் என்ற பதிவு நீக்கப்பட்டது. அதற்கு "கேரளாக்காரங்கதான்" என்று வந்த பதிலும் நீக்கப்பட்டது.

#11 பழைய_ஹெச்ஐ | திங்கள் இரவு 8.15

கமுகுக்காரர் கேட்டது நியாயம். தண்ணீர் விஷயத்தில் நான் அவர் பக்கம். மழை கொட்டுகிற பந்தலூரில் குடிக்க டிரம்மில் பிடித்து வைக்க வேண்டியிருக்கிறது என்றால் அது கொசுவின் குற்றமில்லை. குழாயைச் சரிசெய்யாமல் டிரம்மில் மருந்து ஊற்றிக்கொண்டே இருந்தவன் நான், எனக்குத் தெரியாதா?

பாளைக்கு ஒரு வழி உண்டு. ஆயிரம் மரத்தையும் தொட வேண்டாம். லயம், பள்ளி, வீடுகளைச் சுற்றி நூறு இருநூறு மீட்டருக்குள் இருப்பதை வாரம் ஒரு தடவை எடுத்தால் போதும். வாரம் ஏன் என்றால், முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க வெயில் காலத்தில் ஏழெட்டு நாள், நம் குளிரில் இன்னும் கூடும். அதற்குள் ஒரு தடவை தண்ணீரைக் கொட்டிவிட்டால் அந்த ஈடு முழுக்கச் செத்தது.

டிரம்மை வெறுமனே கவிழ்த்தால் போதாது. முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் பல மாதம் உயிரோடு கிடக்கும், அடுத்த தண்ணீர் தொட்டதும் பொரியும். தேங்காய் நாரால் உள்பக்கம் அழுத்தித் தேய்க்க வேண்டும். கோடை மழைக்கு முன்னால் மார்ச்சிலேயே தேய்த்திருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும்.

#12 தாண்டிக்குடி_காப்பி | திங்கள் இரவு 9.00

பழனி மலையிலிருந்து ஒரு கேள்வி. எங்கள் பக்கமும் போன மழைக்குக் காய்ச்சல் வந்தது. புகை மருந்து அடிக்கும் வண்டி ஒரு தடவை மெயின் ரோட்டில் வந்து போனது. காப்பித் தோட்டத்துக்குள் வரவில்லை. போட்டோ மட்டும் வந்தது. அதனால் பயன் உண்டா? ஒருவர் கிணற்றிலும் ஓடையிலும் கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் விடலாம் என்கிறார்.

#13 பழைய_ஹெச்ஐ | திங்கள் இரவு 9.40

ஓடையில் வேண்டவே வேண்டாம். அந்த மீன் அயல்நாட்டு இனம், நம் மீன் குஞ்சுகளையும் தவளை முட்டையையும் தின்றுவிடும். ஓடும் தண்ணீரில் ஏடிஸ் முட்டையிடுவதுமில்லை. மூட முடியாத கிணற்றில் மட்டும், சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொண்டு விடுங்கள்.

புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும். புழு தண்ணீருக்குள் பத்திரமாக இருக்கும், நாலு நாளில் புதுக் கொசு வந்துவிடும். மழைக்காற்றில் புகை நிற்கவும் நிற்காது. ஆனால் அடியோடு வீண் என்று சொல்ல மாட்டேன். ஒரு லயத்தில் அஞ்சு வீட்டில் காய்ச்சல் என்றால் அங்கே இப்போது பறப்பதில் சில கொசு ஏற்கெனவே வைரஸைச் சுமக்கிறது. அந்த வீடுகளுக்குள்ளும் சுற்றிலும் உடனே அடித்தால் அவை சாகும். ரோட்டில் அடிப்பது ஜனங்களின் திருப்திக்கு. நானே அடித்திருக்கிறேன், மேலிடத்து உத்தரவு.

இதைவிட மலிவான வேலை ஒன்று உண்டு, யாரும் செய்வதில்லை. காய்ச்சல்காரரைப் பகலில் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். முதல் வாரத்தில் அவர் ரத்தத்தில்தான் வைரஸ் இருக்கிறது. அவரைக் கடிக்காத கொசு யாருக்கும் கொடுக்க முடியாது. திருப்பூர் அண்ணன் திண்ணையில் படுத்திருந்தாரா என்று கேட்டுப் பாருங்கள்.

#14 லயத்துப்பையன் | திங்கள் இரவு 10.05

திண்ணையிலதான் சார். வெயில் பட்டா நல்லதுன்னு நாங்கதான் படுக்க வச்சோம்.

#15 கோத்தகிரி_டீச்சர் | செவ்வாய் காலை 7.30

எங்க ஹட்டியில் (படகர் ஊர்) நான் சின்னப் பிள்ளையா இருந்தப்போ கொசுவைப் பார்க்கணும்னா கீழே பஸ் ஏறணும். இப்ப எங்க வீட்டு வாசல்லயே இருக்கு. டாக்ஸி அண்ணா, நீங்களும் ரொம்ப நிம்மதியா இருக்காதீங்க.

எங்க பள்ளியில ஆறாம் வகுப்புப் பிள்ளைங்ககிட்ட ஒரு வேலை கொடுத்தேன். ஆளுக்கொரு கரண்டி, ஒரு வெள்ளைக் கிண்ணம். வீட்டைச் சுற்றித் தேங்கின தண்ணியில முக்கிப் பார்த்து, நெளியறது இருந்தா குறிச்சுட்டு வரணும். வெள்ளிக்கிழமை "ட்ரை டே"ன்னு பேர் வைச்சோம். மறுநாள் ஒரு அப்பா வந்து, "டீச்சர், எந்த டாஸ்மாக் லீவு?"ன்னு கேட்டார். பேரை "கவிழ்ப்பு நாள்"னு மாத்திட்டோம்.

ஒரு சந்தேகம். கொசுவுக்குள்ள ஏதோ பாக்டீரியாவைச் செலுத்தி விடுறாங்களாமே, அது இங்க வருமா? தடுப்பூசி?

#16 பழைய_ஹெச்ஐ | செவ்வாய் காலை 9.10

வோல்பாக்கியா, டீச்சர். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் அதைச் செலுத்திய கொசுக்களை விட்டு, டெங்குவை 77 விழுக்காடு குறைத்தார்கள். புதுச்சேரியிலுள்ள கொசு ஆராய்ச்சி மையமும் அதில் வேலை செய்கிறது. ஆனால் அது வீட்டுக்காரிக்குத்தான். தோட்டக்காரியின் உடம்பில் வோல்பாக்கியா இயற்கையாகவே இருக்கிறது, இருந்தும் பரப்புகிறாள். டெங்கு தடுப்பூசியை நம் நாட்டில் 2024லிருந்து பத்தாயிரம் பேருக்கு மேல் போட்டுப் பார்க்கும் சோதனை தொடங்கியது. ஆகவே நம் லயத்துக்கு இப்போதைக்கு உங்கள் பிள்ளைகளின் கரண்டிதான்.

#17 வார்டு_அக்கா | செவ்வாய் இரவு 8.45

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. எல்லாக் காய்ச்சலையும் கொசுக் கணக்குல எழுதிடாதீங்க. இந்த மழையில எலிக்காய்ச்சலும் வரும், உண்ணிக்காய்ச்சலும் வரும். புதர்ல வேலை செய்யுறவங்களுக்குக் காய்ச்சல் அஞ்சாறு நாள் தாண்டியும் விடலைன்னா உடம்பெல்லாம் தேடிப் பாருங்க, அக்குள், இடுப்பு, மார்புக்குக் கீழ. சிகரெட் சுட்ட மாதிரி கருப்புப் பொருக்கு இருந்தா அது உண்ணிக்காய்ச்சல். டாக்ஸிசைக்ளின் மாத்திரைல கேட்கும், விட்டா உயிரை எடுக்கும். பெண்கள் வெட்கப்பட்டுச் சொல்ல மாட்டாங்க, அம்மாவோ அக்காவோ பார்க்கணும். குரங்குக் காய்ச்சலும் உண்ணியால வர்றதுதான், கொசு இல்ல. காட்டோரத்துல குரங்கு செத்துக் கிடந்தா தொடாம தகவல் சொல்லுங்க.

அந்த லயத்துல நிறைமாசக் கர்ப்பிணி யாராவது இருக்காங்களா தம்பி? பிரசவ நேரத்துல அம்மாவுக்கு சிக்குன்குனியா இருந்தா பிள்ளைக்கும் தொத்தும், பச்சைக் குழந்தைக்கு அது மோசம்.

#18 லயத்துப்பையன் | சனி இரவு 7.20

சிஸ்டர், ஒரு அக்கா இருக்காங்க, எட்டு மாசம். புதன்கிழமையே அவங்க அம்மா வீட்டுக்கு அனுப்பிட்டோம், ஊர் பேர் வேண்டாம், குன்னூர்ப் பக்கம். காய்ச்சல் இல்லைன்னு பார்த்துட்டுத்தான் அனுப்பினோம்.

ரிசல்ட் வந்துருச்சு. அம்மாவுக்கு சிக்குன்குனியா பாசிட்டிவ், டெங்கு இல்ல. ஹெச்.ஐ. சார் சொன்ன மாதிரி "அஞ்சு வீடு"ன்னு சொன்னதும் மறுநாளே நாலு பேர் வந்தாங்க. வீட்டுக்குள்ள மருந்து அடிச்சாங்க, டிரம்முல கொசுப்புழுவைக் கொல்ற அபேட் மருந்து ஊத்தினாங்க. குடிக்கிற தண்ணில மருந்தான்னு பாட்டி ஒண்ணு ரகளை பண்ணுச்சு. அளவா ஊத்தினா ஒண்ணும் செய்யாதுன்னு சொல்லியும் கேட்கல, அது டிரம்மைத் தானே தேய்ச்சுக் கழுவி வேட்டித் துணி கட்டிருச்சு. அதுவும் நல்லதுதான்னு வந்தவங்க சிரிச்சுட்டுப் போனாங்க.

நாங்களும் டீச்சர் சொன்ன மாதிரி கரண்டியோட இறங்கினோம். டிரம்முலதான் நிறைய இருக்கும்னு நினைச்சோம். பார்த்தா கூரை மேல! காத்துக்குத் தகரம் பறக்காம இருக்க டயர் தூக்கி வச்சிருக்கோம், மொத்தம் 14. அதுல 9ல புழு. கீழ இருந்து பார்த்தா தெரியவே தெரியாது. அப்புறம் வாசல்ல கிடந்த ஒத்தை கம்பூட்ஸு, போன வருஷம் செத்துப்போன தாத்தாவோடது, யாரும் தொடாம வச்சிருந்தோம். அதுக்குள்ளயும். டயருக்குப் பதிலா மண் மூட்டை வச்சாச்சு. பூட்ஸைப் பாட்டி கவிழ்த்து உள்ள எடுத்து வச்சிருச்சு.

தண்ணி பைப்புக்கு மனு எழுதி 12 வீட்டுக் கையெழுத்தும் போட்டுக் குடுத்திருக்கோம். பார்க்கலாம்.

#19 கமுகுக்காரன் | சனி இரவு 8.02

தம்பி, நல்லது. நான் அன்னிக்குக் கோபத்துல எழுதிட்டேன். யோசிச்சுப் பார்த்தேன். பாக்குமட்டைத் தட்டு செய்யறவன் மாசத்துக்கு ஒருக்கா வந்து பாளை எடுத்துட்டுப் போறான். அதுவரைக்கும் நான் வெளியதான் அடுக்கி வைக்கிறேன், மல்லாக்க. பாதி பூஞ்சை பிடிச்சு அவன் கழிச்சுப் போடுறான். கவிழ்த்து ஷெட்டுக்குள்ள வச்சா எனக்கே காசு. உங்க லயத்துப் பக்கம் இருக்கிற வரிசையை நாளைக்கு எடுத்துடறேன். ரெண்டு பசங்களை அனுப்பு, பாளை வித்த காசுல பங்கு தர்றேன். முழுக்கைச் சட்டை போட்டுட்டு வரச் சொல்லு.

#20 ஊட்டி_டாக்ஸி | சனி இரவு 9.15

எங்க வீட்டு மொட்டை மாடிலயும் ரெண்டு பழைய டயர் கிடந்துச்சு. ஒண்ணுமில்ல, சும்மா சொன்னேன். இறக்கிட்டேன்.

#21 வார்டு_அக்கா | ஞாயிறு காலை 6.40

டெங்கு இல்லைன்னு ஆயிட்டதால அம்மாவுக்கு வலி மாத்திரை கொடுக்கலாம், ஆனா டாக்டர் எழுதித்தான். கேஸ்ட்ரிக், கிட்னி, பிரஷர் இருக்கான்னு பார்க்கணும். காலையில வெந்நீர்ல கையை வச்சு விரலை மெல்ல மடக்கி நீட்டச் சொல்லு. வலி சில பேருக்கு மாசக்கணக்குல இருக்கும். மூணு மாசம் தாண்டியும் வீக்கம் இருந்தா கூட்டிட்டு வா. வேலைக்கு ஒரு சர்டிபிகேட் வாங்கினயா?

#22 லயத்துப்பையன் | ஞாயிறு இரவு 9.30

வாங்கிட்டேன் சிஸ்டர், பத்து நாளைக்கு. அம்மா அதை மடிச்சு சாமி படத்துக்குப் பின்னால வச்சுட்டு நாளைக்கு மலைக்குப் போறேங்குது. களை பிடுங்குற வேலையாவது குடுங்கன்னு மேஸ்திரிகிட்டக் கேட்டிருக்கு. விரலே மடங்கல, களையை எப்படிப் பிடுங்கும்னு கேட்டா பதில் இல்ல.

கமுகுக்கார அண்ணா, பசங்க வந்து சேர்ந்தாங்க. 83 பாளை. இன்னும் ரெண்டு வரிசை பாக்கி.